படுத்தபடி லிந்துலைக்கு

ஹட்டன் ஸ்டேஷனில் காலை ரயிலுக்காக நின்றபோது என் கழுத்தில் பட்டி இருந்தது, தோளில் ஸ்பேனர்கள் போட்ட பை இருந்தது, காதில் புஷ்பாவின் குரல் இருந்தது. புஷ்பா என் மனைவி. வாசலில் நின்று அவள் சொன்னது இதுதான்: "கழுத்து வலின்னு இருந்த சைக்கிள வித்தீங்க. இப்ப கழுத்து வலிக்குன்னே ஒரு சைக்கிள் வாங்கப் போறீங்க. மருந்துக்கு வச்ச காச சைக்கிளுக்குக் குடுக்கிற மனுசன இப்பத்தான் பாக்கிறேன்." நின்று பதில் சொல்லியிருந்தால் ரயிலை விட்டிருப்பேன்.

எனக்கு ஹட்டன் டவுனில் ஒரு சின்ன அச்சகம். கல்யாணக் கார்டு, திருவிழா நோட்டீஸ், மரண அறிவித்தல் மூன்றும் அடிக்கிறோம். இதில் எது வருடம் முழுக்க நிற்காமல் வரும் என்று சொல்லத் தேவையில்லை. பல வருடம் குனிந்து குனிந்து எழுத்துப்பிழை பார்த்ததில் கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது. எனக்கிருந்த ஒரே கெட்ட பழக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள் எடுத்துக்கொண்டு எங்காவது போய்விடுவது. முன்னால் குனிந்து ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னதும் அதுவும் போயிற்று. எட்டு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளை எப்படிக் கழித்தேன் என்று புஷ்பாவைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வாள்.

அந்த நேரத்தில்தான் பேஸ்புக்கில் அந்தப் படத்தைப் பார்த்தேன். நுவரெலியாவில் ஒரு விடுதிக்காரர் போட்டிருந்தார். சைக்கிள்தான், ஆனால் நடுவில் ஈசிச்சேர். அதில் சாய்ந்து படுத்துக்கொண்டு காலை முன்னால் நீட்டி மிதிக்க வேண்டும். கழுத்துக்கு ஒரு வேலையும் இல்லை. இரவு முழுக்க அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது.

ரயில் சிங்கமலைச் சுரங்கத்துக்குள் புகுந்து வெளியே வந்து, கொட்டகலை, தலவாக்கலை, வட்டகொடை என்று நிதானமாக ஏறியது. நானுஓயாவில் இறங்கி பஸ் பிடித்து நுவரெலியா போய்ச் சேர்ந்தபோது பத்து மணி இருக்கும். ஏழு கிலோமீட்டருக்குள்தான் தூரம். ஆனால் பஸ் குலுக்கிய குலுக்கலில் கழுத்துப் பட்டி தாடையில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

விடுதிக்காரர் பெயர் நசார். எங்கள் பக்கத்து முஸ்லிம் வியாபாரிகளை நாங்கள் நாநா என்று அழைப்போம். நசார் நாநா என்னை மாடிப்படிக்குக் கீழே கூட்டிக்கொண்டு போனார். அங்கே அந்தச் சைக்கிள் மேல் ஐந்தாறு துவாய்கள் காய்ந்துகொண்டிருந்தன.

"ஒரு ஒல்லாந்துக்காரர் விட்டுட்டுப் போனது. அவங்க நாட்டுல மலையே இல்லையாமே. றம்பொடைப் பக்கமா ஏறி வந்தவரு, இங்க வந்து சேந்த உடனே சொன்னாரு, இத நான் இனி பாக்கவே மாட்டேன்னு" என்றார்.

"அவ்வளவு கஷ்டமா நாநா?"

"அவருக்கு ஏத்தத்துலதான் கஷ்டம். ஒங்களுக்கு இங்கேருந்து இறக்கம்தானே. நல்ல சாமான்."

தலவாக்கலைக்குப் பிறகு ஹட்டன் வரைக்கும் திரும்ப ஏற்றம் என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் அப்போது நினைக்கவில்லை. வாங்க வேண்டும் என்று முடிவுசெய்துவிட்டுப் பார்க்கப் போகிறவன் எதையும் பார்ப்பதில்லை. அறுபதாயிரத்துக்குப் பேசி முடித்தோம். துவாய்களை எடுத்துவிட்டு, டயருக்குக் காற்றடித்து, நீளமான செயினுக்கு எண்ணெய் விட்டு, விக்டோரியா பூங்காவைச் சுற்றியுள்ள தட்டையான ரோட்டில் ஒரு மணி நேரம் பழகினேன். இதன் பிடி முன்னால் இல்லை. இருக்கைக்குக் கீழே, இடுப்புக்கு இரண்டு பக்கமும் இருக்கிறது. கைகளைப் பக்கத்தில் போட்டபடி, தூங்குகிறவன் மாதிரிதான் ஓட்ட வேண்டும். முதல் மூன்று தடவை விழுந்தேன். விழுவதற்கும் பெரிய உயரம் இல்லை என்பதால் அடுத்த தடவை பயம் விட்டுப்போய்விட்டது.

புறப்படும்போது தூறல் போட்டது. நசார் நாநா உள்ளே போய் ஒரு வெள்ளைப் பொலித்தீன் சீட்டு எடுத்து வந்து, நான் சாய்ந்து படுத்த பிறகு கழுத்திலிருந்து முழங்கால் வரை போர்த்தி, இரண்டு பக்கமும் இருக்கைக்கு அடியில் செருகிவிட்டார். காது குளிர்ந்ததால் புஷ்பா பின்னிய வெள்ளை மப்ளரை நானே தாடைக்குக் கீழே கொடுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். வெள்ளைச் சீட்டுக்குள் கைகள் மறைந்தன. வெளியே தெரிந்தது முகமும் நீட்டிய இரண்டு காலும்தான். நசார் நாநா ஏதோ சொல்ல வந்தார். பிறகு, "அல்லாட காவல், போய்ட்டு வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நானுஓயா வரைக்கும் வந்த இறக்கத்தை நான் மறக்க மாட்டேன். சாதாரண சைக்கிளில் போகிறவன் ரோட்டைப் பார்க்கிறான். இதில் ரோடு தெரிவதில்லை, கால்விரல்களுக்கு நடுவில் கொஞ்சம் தெரிகிறது. மற்றதெல்லாம் மேலே இருப்பவைதான்: யூக்கலிப்டஸ் உச்சிகள், கரண்டுக் கம்பிகள், மலைச்சரிவில் நிற்கிற ஆட்கள். ஐம்பது வயதுக்குப் பிறகு என் சொந்த மாவட்டத்தைப் புதிதாகப் பார்த்தேன். வழியில் ஒரு நாய் ஓடி வந்து என் முகத்துக்கு நேரே மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு, குரைக்காமல் திரும்பிப் போனது.

சந்தோஷத்துக்கு நடுவில் லொறிகள் வந்தன. மரக்கறி லொறியின் டயர் என் தலை உயரத்தில் உருண்டு போவதைப் பார்த்தபோது மெயின் ரோடு வேண்டாம் என்று தோன்றியது. ராதெல்லை தாண்டி ஒரு கடையில் பிளேன்டீ குடித்தபடி விசாரித்தேன். கடைக்காரர், "தோட்டத்து ரோட்டுல போனீங்கன்னா லிந்துலைக்கு மேல போய் எறங்கலாம். போன மாசம் மண்ணு சரிஞ்சதுல இருந்து வாகனம் ஒண்ணும் அதுல வர்றதில்ல" என்றார். வாகனம் வராத ரோட்டைத்தான் நானும் தேடிக்கொண்டிருந்தேன். தோட்டத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று பிறகு ஒருத்தி சொன்னதால் அதை விட்டுவிடுகிறேன்.

சரிந்த மண் மேல் சைக்கிளைத் தூக்கிக் கடத்திவிட்டு, மறுபடி படுத்து, சீட்டைச் செருகிக்கொண்டு இறங்கத் தொடங்கினேன். அப்போது மூடுபனி இறங்கியது. இரண்டு பக்கமும் தேயிலை, நடுவில் ஈரமான ரோடு, மிதிக்கத் தேவையில்லாத சின்ன இறக்கம். கால்களைப் பெடலில் அசையாமல் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் போனேன். இவ்வளவு நிம்மதியாக நான் இருந்து ரொம்ப நாளாகியிருந்தது.

ஒரு வளைவில் ரோட்டுக்கு மேலே கொழுந்து பறிக்கும் பெண்கள் நின்றார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கும். முதலில் பார்த்தவள் கையை நிறுத்தினாள். பிறகு எல்லாக் கைகளும் நின்றன. ஒவ்வொருத்தியாக முதுகுச் சாக்கை இறக்கிக் கீழே வைத்தார்கள். அவர்களோடு நின்ற கங்காணி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்தார். எனக்கு மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்தேன். ஒரு அசட்டுப் பெருமைகூட வந்தது. தலையை மட்டும் கொஞ்சம் ஆட்டினேன்.

அப்போது ஒரு குரல் கேட்டது. "ஐயோ, கொண்டாந்துட்டாங்களே."

அந்தச் சொல் எனக்குத் தொழிலில் பழகிய சொல். அச்சகத்துக்கு வருகிறவர்கள் மேசைக்கு முன்னால் நின்று அதைத்தான் சொல்வார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் குணமாகி வந்தால் "கூட்டியாந்துட்டோம்" என்பார்கள். "நேத்து கொண்டாந்துட்டோம்" என்றால் நான் கேள்வி கேட்காமல் கறுப்புக் கரை போட்ட தாளை எடுப்பேன். ஆளைக் கூட்டி வருவார்கள், சாமானைத்தான் கொண்டு வருவார்கள். ஒரு மனிதன் எந்த நிமிடத்தில் சாமான் ஆகிறான் என்பதை எங்கள் ஊரில் அந்தச் சொல்தான் சொல்கிறது.

வெள்ளைச் சீட்டு, தாடையைச் சேர்த்துக் கட்டிய வெள்ளைத் துணி, முன்னால் நீட்டிய கால், அசையாத உடம்பு. என்னை என்னவென்று நினைத்திருக்கிறார்கள் என்பது ஒரே நொடியில் புரிந்தது. பிரேக்கைப் பிடித்தேன், சீட்டை உதறினேன், அவசரமாக எழுந்து நின்றேன். அதுதான் நான் செய்த பெரிய தப்பு. படுத்தபடியே பேசியிருக்க வேண்டும். இரண்டு பேர் தேயிலைக்குள் விழுந்து ஓடினார்கள். ஒருத்தி முனியாண்டி சாமியைக் கூப்பிட்டாள்.

கத்தியவள் மட்டும் ஓடவில்லை. முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். செடிகளைப் பிளந்துகொண்டு இறங்கி வந்தாள். வந்து என் முழங்கையைத் தொட்டுப் பார்த்தாள்.

"சூடா இருக்கு" என்றாள், யாரிடமும் இல்லாமல். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "இவரு இல்ல. இது வேற ஆளு."

கங்காணி பின்னாலேயே வந்து சேர்ந்தார். "அண்ணே, மொதல்ல அந்தத் தாடைக்கட்ட அவுருங்க" என்றார். அவிழ்த்தேன்.

"யாருங்க நீங்க? எதுக்குங்க இப்படி வர்றீங்க?" என்று அவள் கேட்டாள்.  குரலில் கோபம் இருந்தது.

"ஹட்டனுக்குப் போறேன் தங்கச்சி. இது சைக்கிள்."

"சைக்கிளா? இதுவா?"

கங்காணிதான் விளக்கினார். அவள் பெயர் ரஞ்சனி. அவள் புருஷன் லிங்கத்துக்கு அன்று கண்டி ஆஸ்பத்திரியில் முதுகெலும்பில் ஒப்பரேஷன். ஏணியிலிருந்து விழுந்தவர். லயங்களுக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, வயரிங் வேலை செய்கிறவர். கூட அவர் தம்பி இருக்கிறார். வீட்டில் உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று ரஞ்சனி மலைக்கு வந்துவிட்டாள். எங்கள் பக்கத்தில் தேயிலை நிற்கிற இடத்துக்கே மலை என்றுதான் பெயர், வேலைக்குப் போவது மலைக்குப் போவதுதான். மண் சரிந்த பிறகு நோயாளியானாலும் பிணமானாலும் இந்த ரோட்டில் தள்ளுவண்டியில்தான் வர வேண்டும். அதனால் அவர்கள் தப்பாக நினைத்ததில் ஒரு தப்பும் இல்லை.

"சேதி வந்துச்சா?" என்று கேட்டேன்.

"இங்க டவர் எடுக்காதுங்க. கோயில் படியிலதான் எடுக்கும்" என்றார் கங்காணி. பிறகு அவளைப் பார்த்து, "போயிட்டு வா. பேரு போட்டுர்றேன்" என்றார். அன்றைய வேலையில் குறைக்க மாட்டேன் என்று அர்த்தம்.

கால் கிலோமீட்டர் தள்ளி மாரியம்மன் கோயில். சைக்கிளை உருட்டிக்கொண்டு நான் நடந்தேன், ரஞ்சனி ரோட்டின் மறு ஓரத்தில் நடந்தாள். சைக்கிளுக்கு அருகில் வரவில்லை. என் போனை வாங்கி, மனப்பாடமாக இருந்த நம்பரை அழுத்தினாள். மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது. நான் ஸ்பீக்கரைப் போட்டேன்.

மறுபக்கம் இரைச்சல். கொழுந்தன் சத்தமாகச் சொன்னான்: "அண்ணி, வெளிய கொண்டாந்துட்டாங்க."

ரஞ்சனி கோயில் படியில் உட்கார்ந்தாள். அழவில்லை. போனை என் பக்கம் நீட்டினாள், கையைப் பார்க்காமல்.  ஆனால் பிழை பார்த்தே பிழைக்கிறவன் நான். ஒரு சொல்லை அதன் வாக்கியம் முடியாமல் நம்புவதில்லை.

"தம்பி, எங்கேருந்து எங்க கொண்டாந்தாங்க? முழுசா சொல்லுங்க."

"தியேட்டர்ல இருந்து வாட்டுக்குங்க. முழிச்சிட்டாரு. தண்ணி கேக்கிறாரு, குடுக்கக் கூடாதுங்கிறாங்க. நீங்க யாருங்க?"

ரஞ்சனி என் கையிலிருந்து போனைப் பறித்தாள். "ஏண்டா தம்பி, கூட்டியாந்துட்டாங்கன்னு சொல்ல ஒனக்கு வாயி வராதா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். நன்றாக, நிறைய நேரம் அழுதாள். நான் கோயில் சுவரில் ஒட்டியிருந்த திருவிழா நோட்டீஸைப் படித்துக்கொண்டு நின்றேன். நான் அடித்ததுதான். அதில் ஒரு எழுத்துப்பிழை இருந்தது.

புறப்படும்போது வெள்ளைச் சீட்டை மடித்தேன். இனி அதைப் போர்த்திக்கொள்ள எனக்கு மனமில்லை. ரஞ்சனி அதைப் பார்த்து, "நல்ல சீட்டு. மழைக்கு மலையில இடுப்புல கட்ட ஆகும்" என்றாள். கொடுத்தேன். "நீங்க என்ன வேல செய்றீங்க அண்ணே?" என்று கேட்டாள். சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையும் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்தாள். "நல்ல பொருத்தம்தான்" என்றாள்.

லிந்துலையில் நனைந்துகொண்டே மெயின் ரோட்டில் ஏறினேன். தலவாக்கலை தாண்டி, சென்கிளேயர் அருவிக்குப் பக்கத்தில் நசார் நாநா சொல்லாத ஏற்றம் தொடங்கியது. இந்தச் சைக்கிளில் எழுந்து நின்று மிதிக்க முடியாது. படுத்திருக்கிறவனுக்குக் காலில் மட்டும்தான் பலம். பத்தனையிலிருந்து தள்ளிக்கொண்டுதான் வந்தேன். ஹட்டன் வந்து சேர விளக்கு வைத்துவிட்டார்கள். புஷ்பா கதவைத் திறந்து என்னைப் பார்த்தாள், சைக்கிளைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள். "வலிக்குதா?" என்று கேட்டாள். வலிக்கவில்லை. அவளுக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

இரண்டு வருடம் அதை ஓட்டினேன். ஹட்டன் டவுனில் அதற்குப் பாடை சைக்கிள் என்று பெயர் வந்தது. மரண அறிவித்தல் அடிக்கிறவன் அதில் போனால் வேறு என்ன பெயர் வரும்? எனக்கு அதில் வருத்தமில்லை. கொட்டகலைக்கும் பத்தனைக்கும் இடையில் மல்லாந்து பார்த்த ஞாயிற்றுக்கிழமை வானம் அதற்கு ஈடாகிவிட்டது.

முதல் மாதத்திலேயே ஒரு போன் வந்தது. "அண்ணே, அன்னைக்கு ஒங்க சைக்கிள்ல வந்த பொணம் பேசுறேன்" என்றது குரல். லிங்கம். அப்படித் தொடங்கியது பழக்கம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பேசிக்கொள்வோம். நடக்கிறாராம், நிற்கிறாராம். உட்காரத்தான் முடியவில்லை. கால் மணி நேரம் நிமிர்ந்து உட்கார்ந்தால் முதுகில் கத்தி இறங்குகிறதாம். மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டார். லிந்துலை டவுனில் வேலை கிடைக்கிறது, போய்வர ஓட்டோவுக்குக் கொடுத்தால் மிஞ்சுவதில்லை. அதிலும் உட்கார்ந்துதான் போக வேண்டும். "ரெண்டு வருசமா எங்க லயத்துலயே பல்ப்பு மாத்திக்கிட்டு இருக்கேன் அண்ணே. எங்க லயத்துல இருக்கிறதே பன்னெண்டு பல்ப்பு" என்றார் ஒரு தடவை. சிரித்துக்கொண்டே சொன்னார். போனை வைத்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த வருடம் கழுத்து சரியாகி, வலி முழங்காலுக்கு இறங்கிவிட்டது. எழுந்து நிற்காமல் ஏற்றம் மிதித்த பலன். விற்கப் போகிறேன் என்று பேஸ்புக்கில் போட்ட அன்று மாலையே லிங்கம் பேசினார். படுத்து மிதிப்பது நல்லது என்று அவருடைய டாக்டரே சொன்னாராம். ரஞ்சனியும் சம்மதித்துவிட்டாளாம். முப்பதாயிரத்துக்குச் சொன்னேன். அந்த விலைக்காகப் புஷ்பா இன்னும் என்னை மன்னிக்கவில்லை.

போன சனிக்கிழமை காலையில் நுவரெலியாவுக்குக் காலியாகத் திரும்புகிற மரக்கறி லொறியில் சைக்கிளை ஏற்றினேன். டிரைவர் சிங்களவர். சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "நிதாகெனத யன்னே?" என்று கேட்டார். படுத்துத் தூங்கிக்கொண்டா போவது என்கிறார். ஆமாம் என்றேன். "அப்படின்னா நான் டிரைவர் வேலய விட்டுட்டு இத ஓட்டுறேன்" என்றார் தமிழில். லிந்துலை வரைக்கும் காசு வாங்கவில்லை.

அங்கிருந்து தோட்டத்து ரோடு, மூன்று கிலோமீட்டர், நல்ல ஏற்றம். தள்ளிக்கொண்டு போனேன். மண் சரிந்த இடத்தை இப்போது கட்டிவிட்டார்கள். லிங்கம் லயத்து முற்றத்தில் நின்றார். ஒல்லியான, உயரமான மனிதர். சைக்கிளை அவர் தடவிப் பார்த்த விதத்தில் எனக்கு நுவரெலியா மாடிப்படி ஞாபகம் வந்தது. இருக்கையில் சாய்ந்தார். கண்ணை மூடினார். "அண்ணே, வலிக்கல" என்றார் மெதுவாக.

அந்த நேரத்தில்தான் ரஞ்சனி மலையிலிருந்து பகல் சாப்பாட்டுக்கு வந்தாள். இடுப்பில் அந்த வெள்ளைச் சீட்டு. முற்றத்தின் ஓரத்திலேயே நின்றுவிட்டாள்.

"சைக்கிளக் கொண்டாந்திருக்கேன் தங்கச்சி" என்றேன். சொல்லி முடிக்கும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. லிங்கத்தைப் பார்த்தாள். "எந்திரிங்க" என்றாள். அவர் எழுந்தார். அவளிடம் அவர் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"அண்ணன் நோட்டீசு அடிக்கிறது பத்தாதுன்னு பாடையும் விக்கிறாரா?"

"ரஞ்சி, இதுல வலிக்கல. நானே லிந்துலைக்குப் போயிருவேன். ஏத்தத்துல தள்ளிக்கிட்டு வந்துருவேன், இல்லாட்டி கொழுந்து லொறியில போட்டுக்கிட்டு வருவேன்."

"அதுல படுத்துக்கிட்டு நீங்க இந்த ரோட்டுல வர்றத நான் ஒருக்காப் பாத்துட்டேன்" என்றாள் ரஞ்சனி. "இன்னொருக்காப் பாக்க என்னால முடியாது."

லிங்கம் சத்தம் போடவில்லை. "அப்ப நான் பன்னெண்டு பல்ப்பும் பாத்துக்கிட்டே இருக்கவா?" என்று கேட்டார்.  யாரும் சாப்பிடப் போகவில்லை. நான் சைக்கிளைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று பிடியில் கை வைத்தேன். உண்மையைச் சொன்னால், விற்காமல் போவதில் எனக்கு ஒரு சின்ன ஆசையும் இருந்தது.

"நில்லுங்க அண்ணே" என்றாள் ரஞ்சனி. சாக்கைக் கழற்றி வைத்தாள். சைக்கிளுக்குக் கிட்டே வந்தாள், இரண்டு வருடத்தில் முதல் தடவையாக. "கெட்டியாப் பிடிச்சிக்கங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தானே அதில் சாய்ந்து படுத்தாள்.

லயத்து ஆட்கள் வாசலில் வந்து நின்று பார்த்தார்கள். அவள் கண்ணை மூடவில்லை. நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். முற்றத்துக்கு எதிரே சரிவு. காலையில் அவர்கள் பறித்த மலை அதுதான். கங்காணியின் சிவப்புக் குடை அங்கே ஒரு செடி ஓரத்தில் நின்றது.

"இதுல இருந்து பாத்தா மலை முழுக்கத் தெரியுதே" என்றாள்.

"அதான் தங்கச்சி இதுல இருக்கிற ஒரே சொகம்" என்றேன்.

"நாங்க பறிக்கிறதும் தெரியுமா?"

"அன்னைக்கு ஒங்க எல்லாரையும் பாத்தேனே. தலையக்கூட ஆட்டினேன்."

"பொணம் தலைய ஆட்டுனா யாரு பாப்பா" என்றாள். வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் கொஞ்சம் சிரித்தாள். எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு லிங்கத்திடம் சொன்னாள்: "வெள்ளையில ஒண்ணும் போடக்கூடாது. தலையில கட்டுக் கட்டக்கூடாது. அந்த வளைவுல வர்றப்போ மலையப் பாத்துக் கைய ஒசத்தணும். பனி இருந்தாலும் ஒசத்தணும், நான் நிக்காட்டியும் ஒசத்தணும்."

மணி கட்டித் தரட்டுமா என்று கேட்டேன். "எழவு வீட்டுலயும் மணிதான் அடிக்கிறாங்க. கைதான் வேணும்" என்றாள்.

ஒரு கையை எடுத்துவிட்டு இதை ஓட்டுவது லேசில்லை. சாப்பிட்ட பிறகு லிங்கமும் நானும் லயத்து ரோட்டில் அதைத்தான் பழகினோம். இரண்டு தடவை விழுந்தார். எனக்குத்தான் உயிர் போனது, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்று மணிக்கு, லிந்துலை வரைக்கும் தனியாகப் போய்ப் பார்க்கிறேன் என்றார். மேல் லயத்திலிருந்து புறப்படுவதாகப் பேச்சு. என்னை முன்னால் போகச் சொன்னார்.

நான் நடந்தே இறங்கினேன். கையில் ஸ்பேனர் பை மட்டும்தான். நின்றுகொண்டு பார்க்கும்போது இந்த ரோடு வேறு ரோடாக இருந்தது. ஈரமும் குழியும் மாட்டுச் சாணமும்தான் கண்ணில் பட்டன. இனி ஹட்டனுக்கு பஸ்ஸில் போவேன். முன் சீட்டில் இருப்பவரின் பின்தலையைப் பார்த்துக்கொண்டு போவேன். ஞாயிற்றுக்கிழமைகளை என்ன செய்வது என்று புஷ்பாவோடு உட்கார்ந்துதான் பேச வேண்டும். பணம் சட்டைப்பையில் இருந்தது, மனதில் சந்தோஷமும் இருந்தது, இரண்டுக்கும் நடுவில் எதையோ விட்டுவிட்டு வந்த மாதிரியும் இருந்தது.

வளைவுக்கு வந்தபோது பனி இறங்கிவிட்டது. மேலே பெண்கள் பறித்துக்கொண்டிருந்தார்கள். ரஞ்சனி ரோட்டுக்கு மேலே முதல் வரிசையில் நின்றாள்.  அவள் கை வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. இப்படிப் பறித்தால் முற்றின இலையும் சேர்ந்து வரும் என்று கங்காணி குரல் கொடுத்தார். அவள் காதில் விழவில்லை.

முதலில் இரண்டு பாதங்கள் தெரிந்தன. பனிக்குள்ளிருந்து, தரையோடு தரையாக, சத்தமில்லாமல். பிறகு நீட்டிய கால்கள். லிங்கத்தின் சிவப்புச் சட்டை. மேலே எல்லாக் கைகளும் நின்றுவிட்டன.  சைக்கிள் ஒரு பக்கம் சாய்ந்தது, நேரானது, மறுபடி சாய்ந்தது. அந்தச் சிவப்புச் சட்டையிலிருந்து ஒரு கை மெல்ல மேலே எழுந்தது. எழுந்து அப்படியே நின்றது.

மலையில் யாரோ ஒருத்தி உரக்கச் சொன்னாள்: "ரஞ்சி, ஒன் வீட்டுக்காரரு வர்றாருடீ."

ரஞ்சனி நிமிரவில்லை. வெள்ளைச் சீட்டின் ஓரத்தால் முகத்தை ஒரு தடவை துடைத்துக்கொண்டாள்.

"வரட்டும்" என்றாள். அவள் கை மறுபடி கொழுந்துக்குப் போயிற்று.